ஆசிரியரும் கலாநிதிப் பட்டமும்

நாற்பது வயதைக் கடந்த ஆசிரியர் ஒருவர் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கப் புறப்பட்டால், "இனி எதற்கு?" என்று கேட்போர் உளர். நாம் அவ்வினாவை ஏற்பதற்கில்லை.

1913இற் பிறந்த தனிநாயக அடிகளார், இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வியியல் விரிவுரையாளராயிருந்த காலத்திலேயே இலண்டன் சென்று, பண்டைத் தமிழ் இலக்கியம் கூறும் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து 1957இற் கலாநிதியானார். நாற்பதைத் தாண்டிய பின்னரன்றோ!

அடிகளார் ஆராய்ந்தது ஏடுகளை. தொழில்சார் கலாநிதிப் படிப்போ, தாம் பணிபுரியும் பள்ளியையே ஆய்வுக்களமாகக் கொள்வது. நம் கட்டுக்கரைப் பக்கத்தில் அதற்கான வினாக்களுக்குக் குறைவில்லை. குளத்து நீரில் விளைந்த பெரும்போக நெல் அறுவடையாகும் மாசி, பங்குனியிற் பின்வாங்குகள் ஏன் வெறிதாகின்றன? வீட்டில் ஓயாது கதைக்கும் பிள்ளை, கட்டுரை எழுதச் சொன்னால் நான்கு வரியோடு ஏன் நின்றுவிடுகிறது? ஒருநாள் வந்து வினாக்கொத்துக் கொடுத்துச் செல்பவர் இவற்றை அறியார். ஆண்டுக்கணக்காய் இடாப்பு மார்க் பண்ணியவர் அறிவார்.

ஆனால் அவர் படும் பாடு பெரிது. விரிவுரையும் நூல்நிலையமும் நாவலயிலோ மகரகமயிலோ இருக்க, வெள்ளி இரவு பஸ் ஏறி, திங்கள் விடியலில் இறங்கி, நேரே வகுப்புக்குப் போகிறார். விடைத்தாள் திருத்துவதும் பரீட்சை மேற்பார்வையும் அவருக்கு ஒரு சிறிதும் குறைவதில்லை.

விழா வளைவுக்குப் பணம் சேர்க்கும் பழைய மாணவர் சங்கத்தாரிடம் நாம் கேட்பது, கல்லூரி நூல்நிலையத்திற் கல்வியியல் நூல்களுக்கென ஓர் அலுமாரி. அதிபரிடம் கேட்பது, படிக்கும் ஆசிரியருக்கு வாரத்தில் ஒரு பிற்பகல் ஓய்வு. பட்டம் பெற்றவர் தம் ஆய்வேட்டின் தமிழ்ப் பிரதியொன்றை அவ்வலுமாரியிலேயே வைப்பாராக.