இணையமும் இளஞ்சிறாரும்

அவுஸ்திரேலியாவில் 2025 ஆம் ஆண்டு டிசம்பர் 10 ஆந் திகதி நடைமுறைக்கு வந்த சட்டமொன்று பிற நாடுகளிலும் பெற்றோராலும் ஆசிரியராலும் பேசப்படுகின்றது. 16 வயது நிரம்பாதோர் முகநூல், இன்ஸ்ரகிராம், ரிக்ரொக், யூரியூப் முதலிய சமூக ஊடகங்களிற் கணக்கு வைத்திருத்தல் ஆகாது என்பதே அதன் சாரம். தவறினால் தண்டம் யாருக்கு? பிள்ளைக்கன்று, பெற்றோருக்குமன்று. அக்கணக்குகளைத் தடுக்கத் தக்க நடவடிக்கை எடாத நிறுவனத்துக்கே 4 கோடி 95 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் வரையில் தண்டம் விதிக்கப்படலாம். வாய்க்கால் வெட்டியவனை விட்டுவிட்டு, அதில் விழுந்த குழந்தையை அடிக்கும் வழக்கிற் பழகிய நமக்கு இஃது ஒரு நல்ல நீதியாகவே தோன்றுகின்றது.

இத்தகைய சட்டம் இங்கும் வருமாயின் நம் கவலை தீர்ந்துவிடும் என்று அன்பர் சிலர் கூறக் கேட்கின்றேன். தீராது என்பது என் கருத்து. நம்மிடையே ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைக்குப் பெரும்பாலும் தனக்கென ஒரு கணக்கு இல்லை. அது கையிலெடுப்பது தாயின் தொலைபேசி. உள்ளே நுழைவது தாயின் பெயரில். 2020, 2021 ஆம் ஆண்டுகளிற் கொள்ளைநோயாற் பாடசாலைகள் மூடிக் கிடந்தபொழுது வட்ஸ்அப் குழுக்களின் வழியாகவும் சூம் வழியாகவும் பாடங்கள் வீட்டுக்கு வந்தன. அன்று பிள்ளையின் கைக்கு வந்த கருவி, பாடசாலை திறந்த பின்னரும் அக்கையை விட்டு நீங்கவில்லை. வட்ஸ்அப் நிறுவனம் தன் விதிகளில் 13 வயதை எல்லையாக வைத்துள்ளது. ஐந்தாந் தரத்துப் பிள்ளைக்கு வயது பத்து. தாயின் பெயரில் நுழையும் பத்து வயதுப் பிள்ளையை எந்தச் சட்டத்தின் கண் காணும்?

நம் நாட்டிற் சட்டமே இல்லையென்பதும் அன்று. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பேச்சுரிமையை நெருக்குமென்ற கண்டனத்துக்கு இலக்காயினும், இணையவழிச் சிறுவர் துஷ்பிரயோகத்தையும் குற்றமாக்கிற்று. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற தொலைபேசி எண்ணில் எவரும் முறையிடலாம். இவை தீங்கு நேர்ந்தபின் உதவுவன. நேருமுன் காப்பது யாது? இவ்வினாவை என் முன் நிறுத்தியது ஒரு சிறுவனின் சொல்.

எங்கள் அயலிலுள்ள ஐந்தாந் தரத்துச் சிறுவன் ஒருவன் மாலைவேளைகளில் என்னிடம் தமிழ் படிக்க வருபவன். ஒருநாள் அவன் தன் தாயின் தொலைபேசியில் வீட்டுவேலையைப் பார்த்துக்கொண்டிருந்தபொழுது, உடன் பயிலும் பிள்ளையொன்றின் தாய் பெயரில் ஒரு செய்தி வந்தது. ஆறு இலக்கங்கள் தவறுதலாக அந்தத் தொலைபேசிக்கு வந்துள்ளன என்றும், அவற்றை உடனே அனுப்பும்படியும் அதிற் கேட்டிருந்தது. அவ்வாறு இலக்கங்களே அவன் தாயின் கணக்குக்குத் திறவுகோல். மற்றத் தாயின் கணக்கை முன்னரே கவர்ந்த கள்வன் ஒருவன் அவர் பெயருக்குள் ஒளிந்திருந்து கேட்கின்றான் என்பதைப் பாலகன் எங்ஙனம் அறிவான்? அனுப்பிவிட்டான். கணக்கும் பறிபோயிற்று. அவசரமாகப் பணம் வேண்டுமென்ற செய்தி தாயின் பெயரில் உறவினர் பலருக்கும் சென்றது. வெளிநாட்டிலுள்ள மாமன் பணமும் அனுப்பிவிட்டார்.

தொலைபேசி பழுதாயிற்று என்றே தாய் எண்ணியிருந்தார். சிறுவனோ அடிக்கு அஞ்சி ஒரு பகலும் ஓரிரவும் வாய் திறந்திலன். அப்பொழுதே சொல்லியிருப்பின், தாய் தம் எண்ணைக் கொண்டு கணக்கை மறுபடி பதிவு செய்து, கள்வனை அப்பொழுதே வெளியேற்றியிருக்கலாம். மாமனின் பணமும் தப்பியிருக்கும். நிகழ்ந்ததை அறிந்து, "ஏனடா அனுப்பினாய்?" என்று அவனைக் கேட்டேன்.

"பெரியவை கேட்டா மறுக்கக்கூடாது எண்டு நீங்கள்தானே ஐயா படிப்பிச்சனீங்கள்?" என்றான்.

யான் விடையின்றி நின்றேன். முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிதலைப் பெருங்குணமாகப் போதித்து வந்தவன் யான். அது பெருங்குணமே, ஐயமில்லை. ஆயின், கேட்பவர் முகம் தெரியாத ஓரிடத்தில் அக்குணமே கள்வனுக்குக் கதவு திறந்துவிடுகின்றது. சொல்பவர் யாராயினும் சொல்லப்பட்ட பொருளின் உண்மையைக் காணவேண்டும் என்று வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் விதித்தார். அவ்வதிகாரத்தை மனனஞ் செய்வித்தோம். பணிவோடு மறுப்பது எப்படி என்பதை மட்டும் கற்பித்தோமில்லை. "அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன்" என்ற ஒரு வாக்கியம் போதியதாயிருந்தது. அதிற் பணிவும் உண்டு; காவலும் உண்டு.

இரண்டாவது குறை அச்சம். தவறு செய்த பிள்ளை முதலில் ஓடிவர வேண்டிய இடம் பெற்றோரும் ஆசிரியருமே. அங்கே பிரம்பு காத்திருக்குமாயின் பிள்ளை மறைக்கும். அந்த மறைப்பே தீயோர்க்கு வேண்டுவது. படமொன்றைப் பெற்றுக்கொண்டு, "வீட்டுக்குச் சொல்வேன்" என மிரட்டும் கயவர்க்கும் முதல் அதுவே. சொன்ன பிள்ளையை அடியேன் என்று பெரியோர் கொடுக்கும் உறுதிமொழி, தொலைபேசியிற் போடும் எந்தப் பூட்டினும் வலிது.

மூன்றாவது குறை நம் சொந்த ஒழுக்கத்திலுள்ளது. புலமைப்பரிசிற் பரீட்சைப் பெறுபேறு வெளியானவுடன் பிள்ளையின் முகம், முழுப்பெயர், பாடசாலை, புள்ளி அனைத்தையும் முகநூலிற் பரப்புகின்றோம். யானும் அவ்வாறு ஒரு மாணாக்கியின் படத்தை இட்டு, வாழ்த்துக்களை எண்ணி மகிழ்ந்தவனே. அறியாத ஒருவன் அப்பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்து நம்பிக்கை பெறுவதற்கு வேண்டிய யாவற்றையும் யானே எழுதிக் கொடுத்தேன் என்பது பின்னரே உறைத்தது; படத்தை நீக்கினேன். நம்மைப் பார்த்தே பிள்ளையும் சகபாடியின் படத்தை எடுத்துக் கேலி எழுதி அனுப்பப் பழகுகின்றது.

ஆதலின் புதியதொரு பாடநூல் வருமென்று காத்திருத்தல் வேண்டா. புறங்கூறாமை, பயனில சொல்லாமை, கள்ளாமை என்னும் அதிகாரங்களைக் கற்பிக்கும்பொழுதே வகுப்புக் குழுவில் வந்த கேலியையும், பிறர் படத்தைக் கேளாது அனுப்புவதையும் உதாரணமாகக் காட்டலாம். பெயர், பாடசாலை, வீட்டு விலாசம், படம், இரகசிய இலக்கம் ஆகிய ஐந்தையும் கேளாமற் கொடுத்தலாகாது எனப் பழக்கலாம். தொலைபேசியைப் பிள்ளை அறைக்குள் கொண்டு செல்லாது, வீட்டார் நடமாடும் கூடத்திலிருந்து பார்க்கச் செய்யலாம். பெற்றோர் தம் வட்ஸ்அப் கணக்குக்கு இரண்டாவதாக ஓர் இரகசிய இலக்கமும் அமைத்துக்கொள்ளலாம். அதற்குச் சில நிமிடமே செல்லும்.

நிறுவனங்களைச் சட்டம் கட்டட்டும், அது வேண்டுவதே. தாயின் பெயரில் நுழையும் பிள்ளையைக் காக்கும் கடமை தாய்க்கும் தந்தைக்கும் ஆசிரியராகிய நமக்கும் உரியது. அச்சிறுவன் இப்பொழுதும் மாலையில் வருகின்றான். சென்ற வாரம் யான் ஒரு பொருளை எடுத்துவரச் சொன்னபொழுது, "ஏன் ஐயா?" என்று கேட்டான். முன்னாளாயின் சினந்திருப்பேன், காரணத்தைச் சொன்னேன்.