மிச்சம் வைத்த மலை

கடினமான காரியத்தை முதலில் முடித்துவிட்டு, எளியதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவது மனித இயல்பு. அந்த எண்ணத்திற்குச் சாட்சியாக ஸ்காட்லாந்தில் ஒரு மலை நிற்கிறது. கார்ன் க்ளோய்க் வூலின் என்பது அதன் பெயர். அந்நாட்டின் பழைய கேலிக் மொழியில் 'ஆலைக்கல் குன்று' என்று பொருள். உயரம் 942 மீட்டர்.

1856-இல் பிறந்த சர் ஹியூ மன்ரோ மலைநடையில் தீராத பற்றுக் கொண்டவர். ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்கள் எத்தனை என்பது அக்காலத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அவர் வரைபடங்களை ஆராய்ந்தும் நேரில் நடந்தும் 1891-இல் ஒரு பட்டியலை வெளியிட்டார். அதில் 538 சிகரங்கள் இருந்தன. அவற்றுள் 283 தனி மலைகள். இன்றும் அத்தகைய மலைகளுக்கு 'மன்ரோ' என்றே பெயர்.

பட்டியலில் உள்ள தனி மலைகள் அனைத்திலும் முதலில் ஏறி முடித்தவர் என்ற பெருமை 1901-இல் ராபர்ட்சன் என்னும் பாதிரியாருக்குக் கிடைத்தது. மன்ரோவுக்கோ சில சிகரங்கள் எஞ்சியிருந்தன. அவற்றுள் எளிதான ஆலைக்கல் குன்றை நிறைவு நாளுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். அந்த நாள் வரவில்லை. முதல் உலகப் போரின்போது பிரான்சில் படைவீரர்களுக்கு உணவுச்சாலை நடத்தச் சென்றவர், 1919-இல் அங்கேயே நோயுற்று மறைந்தார்.

1981-இல் பட்டியலைத் திருத்தியவர்கள், இது பென் வ்ரோட்டன் என்னும் 1,157 மீட்டர் மலையின் தோள்தான் என்று கருதித் தனி மலைகளின் வரிசையிலிருந்து இதை நீக்கினார்கள். ஆகையால் எண்ணிக்கைக்காக ஏறுபவர்கள் இப்போது இதை நாடுவதில்லை. மலையில் அமைதி குடிகொண்டிருக்கிறது.

இங்கே செல்ல விரும்புவோர், டீ ஆறு குறுகிய பாறை இடுக்கில் சீறிப் பாயும் லின் ஆஃப் டீ என்னுமிடத்தில் நடையைத் தொடங்குவார்கள். ஆற்றங்கரையோடு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சென்றால் வெள்ளைப் பாலம் வரும். அதற்கு அப்பால் சிறு அருவிகளைக் கடந்தபின், ஹெதர் என்னும் குறும்புதர் மண்டிய சரிவில் பாதையின்றியே ஏறவேண்டும். ஆகஸ்டு மாதத்தில் அச்சரிவு முழுதும் ஊதா நிறமாகப் பூத்திருக்கும். உச்சியில் கருங்கற்களும் காற்றும் மட்டுமே. மேகம் திடீரென இறங்கித் திசையை மறைத்துவிடும். எனவே வரைபடமும் திசைகாட்டியும் இன்றி எவரும் செல்லலாகாது.

கடினமான சிகரங்கள் எத்தனையோ மன்ரோவின் காலடியைக் கண்டன. எளிய குன்று ஒன்று காத்திருந்து ஏமாந்தது. அதில் ஏற அவருக்கு வலிமை இல்லாமற் போகவில்லை. நாள்தான் இல்லாமற் போயிற்று. பார்க்க வேண்டிய உறவினர், கேட்க வேண்டிய மன்னிப்பு, எழுத வேண்டிய கடிதம் என்று நம் ஒவ்வொருவரிடமும் இப்படி ஓர் எளிய குன்று இருக்கும். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாலேயே அதைத் தள்ளி வைக்கிறோம். இன்றே அதில் ஏறிவிடுவது நல்லது.