ஒரே குடும்பமா?

யாழ்ப்பாணத்துச் சிறு கத்தோலிக்கக் கல்லூரியொன்றின் பழைய மாணவர் மலரைப் புரட்டுங்கள். விடுதியில் ஒரே குடும்பமாக வாழ்ந்தோமென்ற பெருமிதம் பக்கந்தோறும் வழியும். அக்குடும்பத்தில் வாங்கிலிருந்தவர் யார், தரையிலிருந்தவர் யார் என்று எழுத மட்டும் கை கூசுவதேன்?

உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வேண்டுமென 1929இல் அரசு பணித்தது. அதை எதிர்த்து மனுக் கொடுத்தவரும், பள்ளிகளுக்குத் தீயிட்டவரும் அந்நியரல்லர், நம்மவரே!

1960இல் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்க முனைந்தபோது, கத்தோலிக்கப் பெற்றோர் பலர் பள்ளிகளுக்குள் இரவுபகலாகக் காவலிருந்தனர். கட்டிடத்துக்காக எழுந்த அவ்வேகத்தில் பாதியேனும், தரையிலிருத்தப்பட்ட பிள்ளைக்காக எழுந்ததுண்டா?

பூசைமணியும் சீருடையும் சமூகத்தை ஆக்கிவிடா. பக்கத்திலிருந்து படித்தவன் வீட்டில் அவன் தந்த செம்பில் நீரருந்தும் நாளிலேயே குடும்பம் தொடங்கும். அதுவரை அம்மலர்கள் காகிதப்பூக்களே!