"பால் இல்லை" என்னும் சொல் வேண்டாம்

பிள்ளை பெற்றவளைக் காண வருவோர் முதலில் கேட்கும் கேள்வி, "சுகப்பிரசவமா, ஆபரேஷனா?" என்பதே. அறுவையால் பெற்றவளுக்குப் பெருமை சற்றுக் குறைவு என்னும் எண்ணம் அக்கேள்வியிலேயே மறைந்து கிடக்கிறது. ஆயின் 2019–21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேறுகள் அறுவையின் வழியே நிகழ்ந்தன. எனவே இது ஏதோ ஓர் இல்லத்தின் செய்தியன்று. நம் பங்குக் குடும்பங்கள் அனைத்திற்கும் உரிய செய்தி.

ஒகேனக்கல் போன்ற ஊர்களில் இத்தாயின் துன்பம் இன்னும் பெரிது. அறுவை தேவையெனில், மலைப்பாதையேறிப் பென்னாகரத்தையும் கடந்து, 46 கி.மீ. தொலைவிலுள்ள தருமபுரி வரையிலும் செல்ல நேரிடும். தையலின் வலியோடு அதே வளைவுகளில் அவள் வீடு திரும்புகிறாள். "கத்தி பட்ட உடம்பில் பால் ஏது? புட்டிப்பால் வாங்குங்கள்" என்னும் பேச்சு அவளை வரவேற்குமாயின், வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதன்றோ அது!

உண்மை யாது? பேறு எவ்வழி நிகழினும், நஞ்சுக்கொடி நீங்கியவுடன் பால் பெருகுவதற்கான மாற்றம் தாயின் உடலில் தொடங்கிவிடுகிறது. முதல் நாட்களில் சொட்டுச் சொட்டாக வரும் மஞ்சள் நிறச் சீம்பாலே சிசுவின் சிறு வயிற்றுக்கு ஏற்றது. அறுவைக்குப் பின் பால் பெருகச் சற்றுத் தாமதமாகலாம். தாமதமென்பது இல்லாமை அன்று. குழந்தை சப்பச் சப்பவே பால் ஊறும். வலியும் கவலையும் பால் இறங்குவதைத் தடுக்கும். ஆதலின் தாயின் மனத்தைத் தேற்றுவதும் பாலூட்டலுக்குச் செய்யும் உதவியே.

ஒகேனக்கல் நமக்கு வேறொரு பாடமும் தருகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பற்களையும் எலும்புகளையும் கெடுத்தது. அதனாலேயே இங்கிருந்து காவிரி நீரைக் கொண்டு செல்லும் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஃபுளோரைடு மிகுந்த கிணற்று நீரில் பால்மாவைக் கரைத்தால் அது குழந்தையையும் சேரும். தாய் அந்நீரையே பருகினும், தாய்ப்பாலில் அது மிகச் சிறிதளவே கலக்கிறது.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை எளியவை. மருத்துவர் இசைந்தால் முதல் ஒரு மணி நேரத்திலேயே குழந்தையைத் தாயின் மார்பில் சேருங்கள். சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் வேண்டாம். தையலில் பாரம் படாதபடி ஒருக்களித்துப் படுத்தோ, குழந்தையைக் கக்கத்தின் கீழாக அணைத்தோ ஊட்டத் துணை செய்யுங்கள். வலிக்கு மருந்து கேட்க அவள் தயங்க வேண்டாம். பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மருந்துகள் உள்ளன. இரவில் குழந்தையை எடுத்துத் தருவது கணவரின் கடமை. முதல் வார முடிவில், குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிப்பது பால் போதுமென்பதன் அடையாளம். அதைத் தாயிடம் மகிழ்ந்து சொல்லுங்கள்.

குழந்தை சோர்ந்து சப்ப மறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, தாய்க்குக் காய்ச்சல் கண்டாலோ உடனே மருத்துவரை நாடுங்கள். அவர் சில நாள் வேறு பால் தரச் சொன்னால், அது தாயின் தோல்வியன்று. அவளுடைய அழுகையும் சோர்வும் இரு வாரங்களைக் கடந்தால் மருத்துவ உதவி தேவை. 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

பிள்ளை பார்க்கச் செல்லும் அன்னையரே, பழமும் சோப்பும் இல்லாமல் சென்றாலும் குற்றமில்லை. "பயப்படாதே அம்மா, பால் ஊறும், நாங்கள் இருக்கிறோம்" என்னும் சொல்லைத் தவறாமல் கொண்டு செல்லுங்கள்.