சேற்றை மிதித்தவன்

"ஆண்பிள்ளை சேற்றைக் கண்டால் மிதிப்பான், தண்ணீரைக் கண்டால் கழுவுவான்" என்பது நம் நாட்டுப் பழமொழி. பாட்டிமார் சொல்வர், பஞ்சாயத்தார் சொல்வர், மகனைப் பெற்ற மமதையிலே மாமியார் சொல்வாள். மிதிப்பவன் அவன், கழுவுபவனும் அவன். சேறு யார்? ஒரு பெண்! தண்ணீர் யார்? வீட்டிலே காத்திருக்கும் இன்னொரு பெண்! கழுவியதும் அவன் கால் துப்புரவாகிவிடுகிறது. சரி, கழுவிய தண்ணீர் என்ன ஆயிற்று? அதை எந்தப் பாட்டியும் கேட்டதில்லை. நாம் கேட்கிறோம்.

சென்ற பங்குனியில் நம் பழைய மாணவி ஒருத்தியின் தந்தை நம்மைத் தேடி வந்தார். கையிலே மருத்துவமனைத் தாள். "வாத்தியாரய்யா, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள்" என்றார். மகளுக்கு மணமாகி எட்டுத் திங்கள்; வயிற்றில் மூன்று மாதக் கரு. கருவுற்ற பெண்களுக்கு எடுக்கும் இரத்தப் பரிசோதனைகளுள் வி.டி.ஆர்.எல். என்பதும் ஒன்று. அதில் நோய்க்குறி தெரிந்தது. அந்தச் சோதனை சிலவேளை வேறு காரணங்களாலும் பொய்க்குறி காட்டும், ஆதலால் டி.பி.எச்.ஏ. எனும் மறு சோதனையும் செய்தனர். அதுவும் உறுதி செய்தது. மேகப்புண் என்று நம்மவர் சொல்லும் சிபிலிஸ்!

மறுநாள் மாப்பிள்ளை வீட்டில் பெரியவர்கள் கூடினர். "உங்கள் பெண் நோயோடு வந்தவள்" என்றாள் மாமியார். பெண் தூணோரம் தலைகுனிந்து நின்றாள். மாப்பிள்ளை நாற்காலியில் அமர்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். 'உன் இரத்தத்தைச் சோதித்தாயா?' என்று அவரைக் கேட்டவர் ஒருவருமில்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம், நாமும் கேட்கவில்லை. வரலாறு கற்பிக்கும் நமக்கு வாய் அன்று அடைத்துப் போயிற்று. அன்று பேசாததை இன்று எழுதுகிறோம்.

அந்தத் தாளில் இருப்பதென்ன? நோயின் பெயர் இருக்கிறது. கொண்டுவந்தவர் பெயர் இல்லை! எந்த இரத்தச் சோதனையும் அதைச் சொல்லாது. இருந்தும் தாளைப் பார்த்தவுடனே தீர்ப்பு எழுதிவிட்டார்கள் பெரியவர்கள். இதற்கு ஆய்வுக்கூடம் எதற்கு?

அந்தக் கிருமியின் நடைமுறையைச் சற்றுப் பாருங்கள். 1905ஆம் ஆண்டு பெர்லினில் ஷௌடின், ஹாஃப்மன் என்ற இருவர் நுண்ணோக்கியில் அதைக் கண்டனர். திருகாணி போன்ற மெல்லிய உருவம், திரிபோனிமா பாலிடம் என்று பெயர். உடலுக்கு வெளியே நெடுநேரம் உயிர் தாங்காது. ஆதலால் குளத்திலிருந்தோ கழிப்பறையிலிருந்தோ கரண்டியிலிருந்தோ வருவதில்லை. உடலுறவின்போது, புண்ணிலிருந்து மெல்லிய தோலின் வழியே மற்றவர் உடலுக்குள் புகுகிறது. ஏறத்தாழ மூன்று வாரம் கழித்துப் புகுந்த இடத்தில் ஒரு புண். வலிக்காது! பெண்ணுக்கோ அது உள்ளுறுப்பில் தோன்றினால் கண்ணுக்கும் தெரியாது. சில வாரங்களில், மருந்து தின்றாலும் தின்னாவிட்டாலும், அந்தப் புண் தானே ஆறிவிடும்.

இங்கேதான் ஏமாறுகிறான் ஆண்மகன். லேகியம் தின்றவன் லேகியத்தால் ஆறியது என்கிறான். நேர்ந்துகொண்டவன் சாமி காப்பாற்றிற்று என்கிறான். ஆறியது புண், நோய் அன்று! பின்னர் உள்ளங்கை, உள்ளங்கால்களிலே தடிப்புத் தோன்றும், அதுவும் மறையும். பிறகு ஆண்டுக்கணக்கில் அமைதி. உள்ளே கிருமி உறங்கவில்லை. சிலருக்கு இதயத்தையும் மூளையையும் கண்ணையும் அரித்துவிட்டே ஓயும். தொற்றிய தொடக்க ஆண்டுகளில் அது துணைவருக்குப் பரவும். கருவுற்றவளிடமிருந்து கருவிலிருக்கும் குழந்தைக்கும் போகும். கருச்சிதைவு, செத்துப் பிறக்கும் சிசு, பிறவிநோயோடு பிறக்கும் பிள்ளை ஆகியவை அதன் பரிசுகள். 'திருமணத்துக்கு முன்னே எப்போதோ ஒரு புண் வந்தது, போய்விட்டது' என்று நினைப்பவன் மணவறையில் அமரும்போது கிருமியும் உடன் அமர்கிறது. புரோகிதருக்கு அது தெரியாது!

வெட்டை நோய் இன்னும் கொடுமை. ஆணுக்குச் சில நாட்களிலேயே சிறுநீர் எரியும், சீழ் வடியும். 'உடல் சூடு' என்று இளநீர் குடிப்பான். அவனிடமிருந்து அதைப் பெற்ற பெண்ணுக்கோ பெரும்பாலும் ஒரு குறியும் தெரியாது. கிளமிடியா என்ற மற்றொரு கிருமி அதைவிட ஓசையற்றது. அறிகுறி இல்லை, ஆனால் அழிவு உண்டு. கருப்பையினின்று மேலேறிக் கருக்குழாய்களைப் புண்ணாக்கி, தழும்பாக்கி, அடைத்துவிடும். பிள்ளை இல்லை! அப்போது ஊர் அவளுக்கு வைக்கும் பெயர் என்ன? மலடி! விதைத்தவனே நஞ்சை விதைத்துவிட்டு, விளையவில்லை என்று நிலத்தைப் பழிக்கிறான். மறுமணத்துக்குப் பெண் பார்க்கிறான். மருத்துவம் செய்துகொள்ளாவிட்டால் அவளுக்கும் அதே நோயைச் சீதனமாகத் தருகிறான்.

பெயரிலேயே பொய் புகுத்திவிட்டார்கள் தோழர்களே! 'பொம்பளைச் சீக்கு' என்பதுதானே நம் தெருவிலே இந்நோய்களுக்குப் பெயர்? ஆணுக்கு வந்தாலும் பொம்பளைச் சீக்கு! பழியைப் பிறர்மேல் சுமத்துவது உலக வழக்கமாகத்தான் இருந்திருக்கிறது. சிபிலிஸ் ஐரோப்பாவில் பரவியபோது இத்தாலியர் அதைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். ருசியர் போலந்து நோய் என்றனர். நாமோ பறங்கிப்புண் என்றோம். நாடுகள் ஒன்றையொன்று பழித்ததாவது சமமானவர் சண்டை. வீட்டுக்குள்ளே பழி எப்போதும் ஒரே பக்கமாகத்தான் விழுகிறது.

சட்டமும் அப்படித்தான் விழுந்தது. 1864இல் இங்கிலாந்தில் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்று செய்தனர். 1868இல் இந்தியாவுக்கும் அதைக் கொண்டுவந்தனர். படைவீரர்களுக்கு மேகநோய் பெருகியதாம். அதற்காகப் பெண்களைப் பதிவு செய்தனர், கட்டாயமாகப் பரிசோதித்தனர், நோய் கண்டால் லாக் மருத்துவமனை என்ற இடத்தில் அடைத்தனர். சென்னை மாகாணத்திலும் அத்தகைய மருத்துவமனைகள் இருந்தன. அவர்களிடம் வந்துபோன வீரனை இச்சட்டம் தொடவில்லை! இரண்டு மடை உள்ள ஏரியில் ஒன்றை அடைத்துவிட்டு, நீர் ஏன் வடிகிறது என்று வியந்தது வெள்ளை ஏகாதிபத்தியம். ஜோசபின் பட்லர் என்ற பெருமாட்டி ஆண்டுக்கணக்கில் போராடினார்; 1886இல் அங்கும், 1888இல் இங்கும் அச்சட்டம் ஒழிந்தது.

வெள்ளையனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? நோயுற்ற கணவனைக் கூடையில் சுமந்து தாசி வீட்டுக்குக் கொண்டுபோன நளாயினியைப் பத்தினி என்று போற்றுகிறது நம் நாட்டுப் புராணம். கூடையிலிருந்தவன் தொழுநோயாளன். ஆயினும் அந்தக் கதை கற்பிக்கும் பாடம் எது? அவன் உடலுக்கு எது வந்தாலும் சுமக்க வேண்டியவள் அவள் என்பதன்றோ! அந்தக் கூடையை இன்னும் நம் பெண்கள் தலையிலிருந்து நாம் இறக்கவில்லை.

இத்தனைக்கும் மருந்தில்லாத நோயா இது? 1943இல் அமெரிக்காவில் மஹோனி என்ற மருத்துவர் நான்கு நோயாளிகளுக்குப் பென்சிலின் கொடுத்துச் சிபிலிசைக் குணப்படுத்திக் காட்டினார். இன்றும் அதே பென்சிலின்தான். தொடக்க நிலையில் 24 லட்சம் யூனிட் பென்சத்தீன் பென்சிலின், ஒரே ஒரு வேளை ஊசி. விலையும் மலிவு. வெட்டை நோய்க் கிருமியோ பென்சிலினுக்கு அடங்க மறுத்துவிட்டது. அரைகுறை மருந்து அதை மேலும் முரடாக்குகிறது. ஆகவே, மாதம் ஒருமுறை விடுதி அறையில் முகாமிட்டு, 'இளமையில் செய்த தவறுக்கு இரகசிய மருத்துவம்' என்று சுவரொட்டி ஒட்டும் வைத்திய சிகாமணிகளிடம் போகாதீர்கள். அரசுப் பெருமருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது.

ஆனால் எந்த மருத்துவரும் முதலில் சொல்வது இதுதான்: துணைவரையும் அழைத்து வாருங்கள். ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் தீர்ந்த நோய் மற்றவரிடமிருந்து திரும்பி வரும். ஒருமுறை வந்துவிட்டால் மறுமுறை வராது என்பது அம்மைக்குப் பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது. இருவருக்கும் சோதனை, இருவருக்கும் மருந்து, குணமாகும் வரை விலகியிருத்தல், அதன்பின்னும் ஐயமிருந்தால் ஆணுறை. இவ்வளவே! உலகில் 2020ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் வெட்டை நோய் புதிதாகத் தொற்றியவர் 8 கோடிக்கு மேல், கிளமிடியா தொற்றியவர் ஏறத்தாழ 13 கோடி என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அத்தனை பேரில் ஒருவர்கூடத் தனியாளாய் இந்நோயைத் தேடிக்கொள்ள முடியாது. ஒவ்வொருவருக்கும் எதிரே இன்னொருவர் உண்டு.

இதையெல்லாம் பள்ளியில் சொல்லலாகாதா? பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் நூலில் பாடமே இருக்கிறது. அந்தப் பாடம் வந்ததும், 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று பக்கத்தைத் தாண்டும் ஆசிரியர்களை நாம் அறிவோம். அந்த மாணவியும் அப்படித் தாண்டப்பட்ட வகுப்பில் அமர்ந்தவள்தான்.

அவளுக்கு உரிய காலத்தில் ஊசி போட்டாகிவிட்டது. குழந்தைக்கு ஆபத்திராது என்கிறார் மருத்துவர், மீண்டும் தொற்றாவிட்டால்! மாப்பிள்ளை பெருந்தன்மையோடு அவளை 'மன்னித்து' அழைத்துக்கொள்ள இசைந்திருக்கிறாராம். மன்னிப்பு! அவர் இன்னும் ஒரு சொட்டு இரத்தம் கொடுக்கவில்லை. "அதைக் கேட்டால் வாழ வைக்க மாட்டார் ஐயா" என்று நடுங்குகிறார் தந்தை. வரும் ஞாயிறன்று பெண்ணைக் கொண்டுபோய் விடப்போகிறார்கள். அதற்கு முன்னே, வெள்ளிக்கிழமை மாலை, நாம் அந்த வீட்டுக்குப் போகிறோம். மாப்பிள்ளை பட்டதாரி, இந்த இதழையும் கொண்டுபோகிறோம். மறுநாள் காலை அரசு மருத்துவமனைக்கு அவருடன் துணைக்கு வரவும் நாம் தயார்.