கப்பலுக்குள் ஏது ‘என் உடல்’?

‘சிப்பாயின் உடல் அவனுக்கே சொந்தம், கட்டாய ஊசி கொடுங்கோன்மை’ என்று அமெரிக்கப் படையின் கோவிட் தடுப்பூசி ஆணையைச் சாடுவோர் சொந்த நாட்டு வரலாற்றை மறந்துவிட்டார்கள். 1777-இல் ஜார்ஜ் வாஷிங்டன் தன் படைக்கு அம்மை குத்த உத்தரவிட்டார். அன்றைய முறையில் அதனாலேயே செத்தவர்களும் உண்டு. ஆனால் முந்தைய ஆண்டு தன் படையின் கியூபெக் முற்றுகையைப் பெரியம்மை குலைத்துப் போட்டதை அவர் அறிந்திருந்தார்.

‘திடகாத்திரமான இளைஞர்களைக் கோவிட் என்ன செய்துவிடும்?’ என்கிறார்கள். 2020 மார்ச்சில் தியோடர் ரூஸ்வெல்ட் விமானந்தாங்கிக் கப்பலுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றடுக்குப் படுக்கை, தோள் இடிக்கும் நடைவழி. சுமார் 4,800 பேரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று, ஒருவர் இறந்தார். அணுசக்தியில் ஓடும் அந்தக் கப்பல் வாரக்கணக்கில் குவாமில் கட்டிக் கிடந்தது. ஓமைக்ரான் வந்தபின் ஊசி பரவலைத் தடுக்கும் என்ற வாதம் மெலிந்தது உண்மை. மத நம்பிக்கையைச் சொல்லி விலக்குக் கேட்டவர்களின் மனுக்களை ஏறக்குறைய மொத்தமாகத் தள்ளியதும் அழகல்ல. அவை ஆணையை நடத்திய விதத்தின் கோளாறு. ஆணையின் கோளாறு அல்ல. 2023 ஜனவரியில் அது விலக்கப்படுவதற்குள் ஊசி போட மறுத்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் படையிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். தட்டம்மை உட்படப் பல நோய்களுக்கான தடுப்பூசி அவர்கள் படையில் சேர்ந்தபோதே கட்டாயமாகத்தான் இருந்தது.