பெட்டி இருக்கிறது, படங்களைக் காணோம்!

வீட்டுப் படங்கள், கணக்குகளைச் சேர்த்து வைக்கும் பெட்டி "மை புக் லைவ்". 2021 ஜூன் மாதம் பல நாடுகளில் இப்பெட்டிகள் திடீரென்று காலியாகிவிட்டன. கல்யாணப் படம்கூட மிஞ்சவில்லை!

திருடன் இன்டர்நெட் வழியாக வந்தான். வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனி 2015-க்குப் பிறகு இப்பெட்டியின் ஓட்டைகளை அடைக்கவே இல்லை. விற்றதோடு கடமை தீர்ந்ததா?

"இன்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள்" என்றது கம்பெனி. வேறொரு பிரதி வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

பழைய பெட்டியிலிருந்து புதியதற்கு மாற்றுகிறீர்களா? "மூவ்" வேண்டாம், "காப்பி" செய்யுங்கள். நடுவில் கரண்டு போனாலும் மூலம் அப்படியே இருக்கும். பிறகு இரண்டிலும் எண்ணிக்கையும் அளவும் சரியா என்று பாருங்கள். சில படங்களைத் திறந்தும் பாருங்கள். பழையதைக் காயலான் கடைக்குப் போடுவது அப்புறம்!